மாதவிலக்கில் எவ்வளவு போனால் அதிகம்? தேவாரத்துத் தங்கச்சிக்கு ஒரு பதில்

தேனி மாவட்டம் தேவாரம் ஊரிலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உன் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு 43 வயது. விடியுமுன் ஜீப் ஏறி மலை மெட்டு தாண்டி கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் இழுக்கிறது, முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் போகிறது. கேட்டால் "எங்க ஆத்தாளுக்கும் இப்படித்தான், நிக்கப் போற வயசுல எல்லாருக்கும் இப்படித்தான் போகும்" என்கிறார். உனக்கும் வயசுக்கு வந்ததிலிருந்தே அதிகமாகத்தான் போகிறது. இது சாதாரணமா, இல்லையா, டாக்டரிடம் போனால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறாய்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், போடிக்காரி. நேராகச் சொல்கிறேன்: நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது சாதாரணம் இல்லை. அம்மாவை இந்த வாரமே ரத்தம் பரிசோதிக்கக் கூட்டிப்போ. கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்னால் செய்துபார்க்க நிறைய இருக்கிறது, அதையும் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு போனால் அதிகம் என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு மாதவிலக்கில் சராசரியாகப் போவது 30, 40 மில்லிதான், அதாவது ஒரு சின்ன காப்பி டம்ளரில் பாதிகூட வராது. 1966ல் ஸ்வீடனில் நிறையப் பெண்களின் நாப்கின்களைச் சேகரித்து, அதிலிருந்த ரத்தத்தை அளந்து பார்த்தார்கள். 80 மில்லிக்கு மேல் போகிறவர்களுக்கு ரத்தசோகை வருவது கூடுகிறது என்று தெரிந்தது, அதிலிருந்துதான் 80 மில்லி என்ற கணக்கு வந்தது. ஆனால் வீட்டில் யாரும் மில்லி கணக்கில் அளக்கப் போவதில்லை. அதனால் இப்போது டாக்டர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள்: போகிற ரத்தம் ஒரு பெண்ணின் உடம்பையோ, வேலையையோ, தூக்கத்தையோ, வெளியே போய்வருவதையோ, மனசையோ கெடுக்கிறதா? கெடுக்கிறது என்றால் அது அதிகம்தான், வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

இந்தக் கேள்வியை நம் ஊர்ப் பெண்களிடம் அப்படியே கேட்டால் பதில் வராது. "கெடுக்குதா? இல்லையே, வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார்கள். அதனால் நான் சுற்றி வளைத்துக் கேட்பேன். அந்த மூன்று நாளும் ஜீப்பில் எங்கே உட்காருவீங்க? நாப்கினுக்கு மேல் பழைய சேலைத் துணியையும் மடித்து வைத்துக் கட்டுவீங்களா? அந்த நாட்களுக்கென்று கறுப்போ அரக்கோ தனியாக ஒரு பாவாடை வைத்திருக்கிறீங்களா? ராத்திரி மாற்றுவதற்கென்று எழுந்திருப்பீங்களா, விடிந்து பாயைக் கழுவ வேண்டியிருக்கிறதா? தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணியே குடிக்காமல் இருப்பீங்களா? அந்த வாரத்தில் ஒரு நாளாவது சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டில் இருந்துவிடுவீங்களா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் எனக்கு அது போதும். அந்தப் பெண் தன் நாட்களையெல்லாம் ரத்தப்போக்கைச் சுற்றியே அடுக்கிக்கொண்டு வாழ்கிறாள், அடுக்கிப் பழகிவிட்டதால் அது அவளுக்குத் தெரியவில்லை.

எண்ணிப் பார்க்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. முழுசாக நனைந்த நாப்கினை ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்து, அது தொடர்ந்து சில மணி நேரம் அப்படியே நீடித்தால் அதிகம். ஏழு நாளைத் தாண்டிப் போனால் கவனிக்க வேண்டும். கட்டி பத்து ரூபாய் நாணய அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ விழுந்தால் அதிகம், சின்னச் சின்னக் கட்டி எல்லாருக்கும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். உட்கார்ந்து எழும்போது குபுக்கென்று கொட்டித் துணியெல்லாம் நனைவது அதிகம். 24 நாளுக்கு உள்ளேயே அடுத்தது வந்துவிடுவது, நடுவில் சொட்டுச் சொட்டாகப் போவது, தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் படுவது, இவையெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னதில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை கட்டாயம்.

அம்மாவுக்கு இந்த மாதமே ஒரு தாள் போட்டு ஆணியில் மாட்டிவிடு. பிரிட்டனில் 1990ல் ஒரு கணக்கு முறை கொண்டுவந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கோடு போட்டே குறித்துவிடலாம். லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு ஒரு புள்ளி, பாதிக்கு மேல் நனைந்ததற்கு ஐந்து, முழுக்க நனைந்ததற்கு இருபது. சின்னக் கட்டிக்கு ஒன்று, பெரிய கட்டிக்கு ஐந்து, துணி நனைந்து கொட்டினால் ஐந்து. மாதவிலக்கு முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் 100ஐத் தாண்டியிருந்தால் அதிகப் போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் மூன்று நாள் நாளுக்கு இரண்டு நாப்கின் முழுசாக நனைந்தாலே 120 வந்துவிடும், பார்த்துக்கொள். துணி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது, அவர்கள் எத்தனை தடவை மாற்றினார்கள், எத்தனை நாள் போனது, கட்டி விழுந்ததா என்று குறித்தாலே டாக்டருக்குப் பெரிய உதவி. கேரளப் பக்கம் நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கிற கப் பழக்கம் பரவி வருகிறது, ஆலப்புழை நகராட்சி 2019ல் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது, எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கியை 2022ல் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவித்தே விட்டார்கள். கப்பில் பெரும்பாலும் 20லிருந்து 30 மில்லி பிடிக்கும், நிறையக் கப்பில் உள்ளே கோடு இருக்கும், அதனால் எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் அளந்தே பார்த்துவிடலாம். நீ கல்லூரிப் பெண், உனக்கு வசதிப்பட்டால் ஒரு மாதம் வைத்துப் பார்.

இப்போது இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். "கெட்ட ரத்தம்தானே, போகட்டும், தங்கினாத்தான் ஆபத்து" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை, போவது அதே நல்ல ரத்தம்தான், அதோடு இரும்புச்சத்தும் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அப்படியானால் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் இரும்பு போச்சு. நாம் என்னதான் சாப்பிட்டாலும் உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான், அதிலும் ஒரு மில்லிகிராம் தோல், குடல் வழியாக அன்றாடம் கழிந்துவிடும். மிச்சத்தைக் கூட்டினால் மாதத்துக்கு முப்பதைத் தாண்டாது. வரவு முப்பது, செலவு நாற்பது, அறுபது, எண்பது. கையிருப்பு கரையக் கரைய முதலில் சோர்வு, அப்புறம் தலைசுற்றல், முடி கொட்டுவது, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது, படபடப்பு என்று ஒவ்வொன்றாக வரும். மெதுவாக வருவதால் உடம்பு அதற்கும் பழகிக்கொள்ளும்.

மலையிலிருந்து இறங்கி நேராக எங்கள் வார்டுக்கு வந்த ஒரு அக்காவைச் சொல்கிறேன். கால் இரண்டும் வீங்கி, நான்கு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குகிற நிலையில் வந்தார், இதயத்தில் கோளாறு என்று நினைத்துத்தான் கூட்டிவந்திருந்தார்கள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. படுக்க வைக்கும்போது இடுப்பு மடியிலிருந்து ஒரு முடிச்சு விழுந்தது, அவிழ்த்தால் பச்சரிசி. "இது எத்தன நாளா?" என்று கேட்டேன். "அத வாயில போடாட்டி கை ஓடல சிஸ்டர்" என்றார். ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே இருந்தது. மாதவிலக்கு எப்படி என்று டாக்டரம்மா கேட்டதற்கு "அது ஒழுங்காத்தான் வருது" என்று பதில் சொன்னார். தேதி தவறாமல் வருகிறது, அதனால் ஒழுங்கு. எத்தனை துணி மாற்றுகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் பத்து நாள் போகிறது, பெரிய பெரிய கட்டி விழுகிறது என்பதெல்லாம் வெளியே வந்தது. அதற்கு முன்னால் பார்த்த இடங்களில் சத்து டானிக் எழுதிக் கொடுத்திருந்தார்கள், யாரும் துணிக் கணக்கைக் கேட்கவில்லை.

அதனால் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள். ஒன்று, மாதாமாதம் தேதிக்கு வருவது வேறு, அளவாகப் போவது வேறு. இரண்டாவது, பச்சரிசி, பல்பம், விபூதி, செங்கல் தூள், சாம்பல், ஐஸ்கட்டி இதையெல்லாம் தின்ன ஆசை வந்து அடக்க முடியவில்லை என்றால் உடம்பில் இரும்பு தீர்ந்துகொண்டிருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். அரிசி தின்றதால் சோகை வந்தது என்று திட்டுவார்கள், பெரும்பாலும் சோகை வந்ததால்தான் அரிசி தின்கிறாள். இரும்பு ஏறினால் அந்த ஆசை தானாக நின்றுவிடும்.

2019லிருந்து 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15லிருந்து 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு, கேரளத்தில் 36.3, இந்தியா முழுக்க 57. இத்தனையும் மாதவிலக்கால் என்று நான் சொல்லவில்லை, சாப்பாடு, கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம் எல்லாம் இருக்கிறது. ஆனால் பாதிப் பேருக்கு மேல் சோகையோடு நடமாடுகிற ஊரில் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்பது எப்படி ஆறுதலாகும்?

சரி, ஏன் இப்படிப் போகிறது? உன் அம்மா வயதில் அடிக்கடி பார்ப்பது ஹார்மோன் தடுமாற்றம். நிற்கப் போகிற காலத்தில் சில மாதங்களில் முட்டை வெளியே வராது. முட்டை வராத மாதத்தில் கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கட்டுப்படுத்துகிற ஹார்மோன் சுரக்காது, சவ்வு பாட்டுக்குத் தடித்துக்கொண்டே போகும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போய் ஒரேயடியாகக் கொட்டும். "நிக்கப் போற வயசு" என்று அம்மா சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வயதில்தான் நார்க்கட்டி, சதை வளர்ச்சி, சவ்வு தடிப்பு, அரிதாகப் புற்றுநோய் எல்லாமும் வரும். எது என்று பார்க்காமல் வயதின் மேல் பழியைப் போடக் கூடாது. உடம்பு எடை கூடியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், நீர்க்கட்டிப் பிரச்சினையால் பல வருடம் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும், அதில் யோசிக்கவே இடமில்லை.

ஸ்கேனில் கட்டி என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று அழுவார்கள். கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி ஏறக்குறைய எல்லாமே சாதாரணக் கட்டிதான், புற்றாக இருப்பது மிக மிக அரிது. எவ்வளவு பெரிசு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் ரத்தப்போக்குக்கு முக்கியம். உள்சவ்வை ஒட்டி இருக்கும் சின்னக் கட்டி கொட்ட வைக்கும், வெளிப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு இருக்கும் கட்டி ஒன்றுமே செய்யாமல் கிடக்கும். நின்ற பிறகு பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். இன்னொன்று, ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள், அதை வைத்தே "வீங்கிருச்சு, எடுத்துரணும்" என்று பேச்சு கிளம்பும். இரண்டு மூன்று பெற்றவர்களுக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். உள்சவ்வு தசைக்குள் வளர்ந்து வலியும் போக்கும் தருகிற ஒரு நோயும் உண்டு, அப்போதும் பெரிதாகும். எதனால் என்று டாக்டர் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும்.

தைராய்டு குறைந்தாலும் அதிகமாகப் போகும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காப்பர் டி போட்டிருந்தால் முதல் சில மாதம் கூடுதலாகப் போகலாம். இதய வால்வு ஆபரேஷன் ஆகி அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டதால்தான் கொட்டுகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2000ல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்புறம், கர்ப்பம். 43 வயதானாலும் தள்ளிப்போய் அதிகமாகப் போனால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும், கரு கலைவதும் கருக்குழாயில் கர்ப்பம் தங்குவதும் இப்படித்தான் தொடங்கும்.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்று இருக்கிறது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா, மங்கலதேவி கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமி என்று வந்துவிட்டால் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், சிலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே போகும். ஒருமுறை டாக்டரைக் கேட்டு எடுப்பதில் பெரிய தப்பில்லை. வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் தாங்களாகவே வாங்கிப் போடுவதும், ஏற்கெனவே அதிகமாகப் போகிறவர்கள் காரணம் பார்க்காமல் மாதாமாதம் போட்டு அடக்கி வைப்பதும்தான் தப்பு. உள்ளே என்ன நோய் என்பதை அது மறைத்துவிடும்.

இப்போது உன் விஷயம். வயசுக்கு வந்ததிலிருந்தே அதிகம் என்கிறாய், அம்மாவுக்கு மட்டுமல்ல ஆத்தாவுக்கும் அப்படியே என்கிறாய். "குடும்ப வாகு" என்று அதை விட்டுவிடாதே, குடும்பத்தோடு வருகிறது என்பதே பார்க்க வேண்டியதற்கு ஒரு காரணம். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருந்தால் பெண்களுக்கு அது முதலில் மாதவிலக்கில்தான் தெரியும். பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளில் ஒரு குடும்பத்தில் இப்படி இருந்ததை எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டர் 1926ல் எழுதினார், அவர் பெயரில்தான் இன்றும் அந்த நோய் இருக்கிறது. அவர் பார்த்த சிறுமி வயசுக்கு வந்து நான்காவது மாதவிலக்கிலேயே ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். பயமுறுத்தச் சொல்லவில்லை, இன்றைக்கு மருந்து இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு இது லேசாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பார்: பல் பிடுங்கிய அன்று ரத்தம் நிற்காமல் போனதா, லேசாக இடித்தாலே கருநீலமாகக் கன்றுகிறதா, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா, அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா? தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கிற குடும்பங்களில் இந்த வகையில் கடுமையான சில நோய்கள் கூடுதலாக வருகின்றன. ஆமாம் என்று ஒன்றிரண்டு பதில் வந்தால் டாக்டரிடம் சொல், ரத்தவியல் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள், வேலூர் சிஎம்சியில் இதற்கென்றே நல்ல பிரிவு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என்ன பார்ப்பார்கள்? முழு ரத்தப் பரிசோதனை முதலில். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சோகை, 8க்குக் கீழே கடுமையானது. முடிந்தால் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல், அதுதான் இரும்புக் கையிருப்பு, ஹீமோகுளோபின் 12.5 என்று நன்றாகக் காட்டும்போதே கையிருப்பு காலியாகியிருக்கும், உன் வயதுப் பெண்களுக்கு இது நிறைய. பிறகு அறிகுறி இருந்தால் தைராய்டு, வயிற்று ஸ்கேன். 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், அதற்கு முன்பே மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் உள்சவ்விலிருந்து சின்ன மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. போய்க்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, தீட்டு, பார்க்க மாட்டார்கள் என்று பத்து நாள் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, தாராளமாகப் போகலாம், கடுமையாகப் போகிற நாளில் போவதே நல்லது.

வைத்தியத்தில் எளிமையானது டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. ஜப்பானில் உத்தாகோ ஒகமோதோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் சேர்ந்து கண்டுபிடித்து 1962ல் வெளியிட்டது, பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் எண்ணம். போகிற நாட்களில் மட்டும், வழக்கமாக நான்கைந்து நாளுக்குள், எடுத்துக்கொள்வது. போக்கைப் பாதிக்குப் பக்கமாகக் குறைக்கும். ஹார்மோன் கிடையாது. காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆகாது, அதனால் டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். மெஃபெனமிக் ஆசிட் வலியோடு சேர்த்துப் போக்கையும் கொஞ்சம் குறைக்கும். இவை போதவில்லை என்றால் ஹார்மோன் மாத்திரைகள், லக்னோவில் நம் நாட்டிலேயே கண்டுபிடித்த ஆர்மிலாக்ஸிஃபீன் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் வளையம் ஒன்று உண்டு, பார்க்கக் காப்பர் டி மாதிரியே இருக்கும், வேலையில் நேர் எதிர், போக்கை எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறைத்துவிடும், பல வருடம் தாங்கும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும் என்பதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள், பொறுத்தால் உன் அம்மா வயதுக்கு இது அருமையான வழி, நிற்கிற வரைக்கும் ஒப்பேற்றிவிடும்.

கர்ப்பப்பை எடுப்பது கடைசிப் படி. எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், புற்றுநோய்க்கும், எதற்குமே அடங்காத போக்குக்கும், பெரிய கட்டிகளுக்கும் அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் ஆந்திராவில் 15லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்று அந்தத் தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் மூன்றுதான். காரணம் கேட்டால் பாதிப் பேருக்கு மேல் சொல்வது அதிக ரத்தப்போக்கு. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் சம்பளம் பிடிப்பார்களே என்று முப்பது வயதிலேயே எடுத்துக்கொண்ட கொடுமை 2019ல் வெளியே வந்தது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலமும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜீப் ஏறி மலைக்குப் போகிற நம் பெண்களும் "எடுத்துப்போட்டா நிம்மதி" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு வயிற்றைப் பிசையும். யாராவது உன் அம்மாவிடம் எடுக்கச் சொன்னால், எதற்காக, மாத்திரையும் வளையமும் பார்த்தாயிற்றா, சவ்வுப் பரிசோதனை முடிவு என்ன, சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா என்று நீ கேள். சினைப்பையைக் காரணமில்லாமல் எடுத்தால் நாற்பதுகளிலேயே எலும்பு தேயும், இதயத்துக்கும் கெடுதல். தயக்கமாக இருந்தால் தேனி மருத்துவக் கல்லூரியில் இன்னொரு முறை காட்டு, அவசரம் என்று விரட்டுகிற நிலை இதில் அநேகமாக இருக்காது.

இரும்பு மாத்திரை பற்றி ஒரே ஒரு முக்கியமான விஷயம். தோட்டத்தில் சாப்பாடு முடிந்த கையோடு கட்டன் சாயா குடிக்கிற பழக்கம் உண்டு, அது இரும்பை உறிஞ்ச விடாது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விடச் சொல், நெல்லிக்காயோ எலுமிச்சைத் தண்ணியோ கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயந்து நிறுத்தக் கூடாது. வயிறு புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேட்கலாம், அதுவும் நன்றாகவே ஏறும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், கையிருப்பு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். ரொம்பக் குறைவாக இருந்தால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார்கள். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருக்கிறதே என்று அதை நம்பி மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

கூட்டிப்போகிற அன்று ஆணியில் மாட்டிய தாளையும், பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் எடுத்துக்கொள். மாதவிலக்கு ஒழுங்கா என்று கேட்டால் அம்மா ஒழுங்கு என்றுதான் சொல்வார், நீ குறுக்கே பேசி எத்தனை நாள், எத்தனை நாப்கின், எவ்வளவு பெரிய கட்டி என்று சொல். வேலை நாளில் சம்பளம் போகும் என்று இழுத்தடித்தால் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசு, ஹீமோகுளோபினையாவது பார்க்க ஏற்பாடு செய்வார். அதற்குள் எப்போதாவது ஒரு மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, நெஞ்சு படபடவென்று அடித்து மயக்கம் வந்தாலோ அன்றைக்கு எந்தக் கணக்கும் வேண்டாம், 108ஐக் கூப்பிடு. அந்த எண் கேரளப் பக்கமும் அதேதான். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய, அதனால் கூட வேலை பார்க்கிற ஒருவரிடமும் ஜீப் டிரைவரிடமும் அம்மாவுக்கு இப்படி இருக்கிறது என்று இப்போதே சொல்லி வைக்கச் சொல்.